நைரேரே நாளுக்குப் பள்ளியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது?

முவான்சா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் முவான்சா நகரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு இங்கே மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது.

அக்டோபர் 14 இங்கே அரசு விடுமுறை. 1999இல் அந்த நாளில்தான் இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே லண்டன் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் கூட்டம் நடக்கும். எப்போதும் வரலாற்று ஆசிரியர்தான் பேசுவார். இந்த வருடம் தலைமையாசிரியை என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிகிறார் என்று பிள்ளைகள் கேட்கட்டும் என்றார். மறுக்க முடியவில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை.

இங்கே வாழாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஆசிரியரை 'முவாலிமு' என்பார்கள். என்னையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பெயர் எதுவும் சேர்க்காமல் முவாலிமு என்று மட்டும் சொன்னால் அது நைரேரே ஒருவரைத்தான் குறிக்கும். நாட்டின் முதல் ஜனாதிபதியை ஜனங்கள் வாத்தியார் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் கூப்பிடுகிறார்கள். தார் எஸ் சலாமுக்குப் பக்கத்தில் பூகு என்ற ஊரில் மிஷன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1955இல் அரசியலா வேலையா என்ற நிலை வந்தபோது வேலையை விட்டார். 1961 டிசம்பர் 9இல் நாடு விடுதலை அடைந்தது. விடுதலை கிடைத்து ஆறு வாரம் கடந்ததுமே, கட்சியைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரதமர் பதவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஊர் ஊராகப் போனார். இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம் 1962 கடைசியில் ஜனாதிபதியாகத் திரும்பி வந்தார். 1985இல் தானாகவே இறங்கினார்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், பிள்ளைகளுக்கே தெரியும். என் சிக்கல் வேறு இரண்டு.

முதலாவது, நான் பருப்பு வாங்கும் கடைப் பெரியவர். குஜராத்தி. அவருடைய தாத்தா கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இதே ஊரில்தான் இருக்கிறது, ஆனால் அவர்களுடையதாக இல்லை. 1971இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள, வாடகைக்கு விட்டிருந்த கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் ஆசியர்களின் கட்டடங்கள். அவருடைய சித்தப்பாக்கள் இருவரும் நாட்டை விட்டே போனார்கள். அப்படியிருந்தும் அவர் கடையில், கல்லாவுக்கு மேலே, நைரேரே படம் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் அவர் படம் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். இங்கே இது அவர் கடை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "எங்கள் வீட்டை எடுத்தார். ஆனால் அவர் வீட்டுக்கு எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை" என்று சொல்லிவிட்டுத் துவரம்பருப்பை நிறுக்கத் தொடங்கிவிட்டார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது, மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண். ஏரிக்கு அந்தப் பக்கம் ககேரா பகுதியிலிருந்து வந்தவள். இந்தியா முதல்முதலாகக் காந்தி அமைதிப் பரிசு கொடுத்தது நைரேரேவுக்குத்தான் என்று வகுப்பில் சொன்னேன். 1995இல். எனக்கே அது பெருமையாக இருந்தது. அவள் எழுந்து, "முவாலிமு, எங்கள் பாட்டி 1978இல் உகாண்டாவின் இடி அமீன் படை வந்தபோது ஓடி வந்தவர். முவாலிமு படையை அனுப்பித்தான் அவர்களை விரட்டினார். போர் செய்தவருக்குக் காந்தி பெயரில் எப்படிப் பரிசு கொடுத்தீர்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. வகுப்பு முடிந்து மணி அடித்ததால் தப்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். பதில் தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இங்கே அந்தக் காலத்தில் இருந்தவர்கள், இப்போது இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாள்காட்டிப் பின்பக்கத்தில் இருப்பதுபோல் ஒரு புகழுரையைப் பிள்ளைகள் முன் வாசிக்க எனக்கு விருப்பமில்லை. அதே நேரம், அவர்கள் வீட்டுத் துக்கத்தில் நான் போய் நீதிபதி மாதிரி நிற்கவும் கூடாது. எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை இருக்கிறது. அதை உண்மையாகச் சொல்லத்தான் வழி கேட்கிறேன்.

பழைய தார்வாசி

டீச்சரம்மா, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன், தூக்கம் போய்விட்டது. 1991 முதல் 2003 வரை தார் எஸ் சலாமில் ஒரு துணி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். இப்போது தஞ்சாவூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். அந்த அக்டோபரில் நான் அங்கே இருந்தேன். அதனால் முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1999 அக்டோபர் 14 ஒரு வியாழக்கிழமை. அவர் லண்டனில் மோசமாக இருக்கிறார் என்று சில வாரங்களாகவே பேச்சு. காலையில் ஜனாதிபதி உம்காபா தொலைக்காட்சியில் வந்து அறிவித்தார். எங்கள் அலுவலகக் காவலாளி ஐம்பது வயது மனிதர், முன்னாள் ராணுவ வீரர். வாசலில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி வந்து இறங்கியபோது எழுந்திருக்கவில்லை. எட்டு வருடத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. முதலாளியும் ஒன்றும் சொல்லாமல், அவர் பக்கத்திலேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனார்.

அங்கே துக்கம் விசாரிக்கும்போது 'போலே' என்பார்கள். ஒரே ஒரு சொல்தான். கால் தடுக்கினாலும் அதுதான், சாவுக்கும் அதுதான். அந்த வாரம் முழுக்கத் தெருவில் எதிரே வந்தவரெல்லாம் எனக்குப் போலே சொன்னார்கள், நான் அவர்களுக்குச் சொன்னேன். நான் வெளிநாட்டுக்காரன் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முப்பது நாள் துக்கம் என்று அரசு அறிவித்திருந்தது. ஆனால் அறிவித்ததற்காக அழுத கூட்டம் இல்லை அது.

திங்கட்கிழமை, 18ஆம் தேதி, உடல் வந்தது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் சாலையை அப்போது பூகு சாலை என்போம். இப்போது அந்தச் சாலைக்கும் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். நான் தசாரா (தான்சானியா-சாம்பியா ரயில்பாதை) நிலையத்துக்கு எதிரே நின்றேன். வேண்டுமென்று தேர்ந்தெடுத்த இடம் இல்லை, அதற்கு மேல் கூட்டத்தில் நகர முடியவில்லை. நின்ற பிறகுதான் உறைத்தது. அந்த ரயில்பாதையே அவர் பிடிவாதத்தால் வந்தது. சாம்பியாவுக்குக் கடல் கிடையாது. அவர்கள் செம்பு வெளியே போக வேண்டுமென்றால் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), தென்னாப்பிரிக்கா வெள்ளை அரசுகளின் தயவு வேண்டும். தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவுக்குப் பாதை போட மேற்கு நாடுகளிடம் கேட்டார்கள், லாபம் இல்லை என்று ஒதுக்கினார்கள். கடைசியில் சீனா வந்து 1970 முதல் 1975 வரை 1,860 கிலோமீட்டர் போட்டுக் கொடுத்தது. அந்த நிலையத்தின் முன்னால் அவர் பெட்டி போகிறது. பக்கத்தில் மரக்கிளைகளை ஒடித்துப் பிடித்திருந்த பையன்கள் அதுவரை பாடிக்கொண்டிருந்தவர்கள், வண்டி தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் தேசிய மைதானத்தில் வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றேன், பிற்பகல் மூன்றுக்குத்தான் உள்ளே போக முடிந்தது. எனக்கு முன்னால் நின்றவர் கரியாக்கோ சந்தையில் மந்தாசி சுட்டு விற்கும் அம்மா. மந்தாசி தெரியும்தானே, நம் இனிப்பு போண்டா மாதிரி. அவர் சொன்னது இது. 1970ஐ முதியோர் கல்வி ஆண்டு என்று நைரேரே அறிவித்தார். அந்த அம்மா கிராமத்தில் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு மரத்தடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தாராம். "என் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார். அவரைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது?" என்றார். அவர் நைரேரேவை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு கணம்தான், நிற்க விடவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மா தன் கூடையைத் தேடிப்போனார். நான் வீடு வரை நடந்தேன்.

23ஆம் தேதி சொந்த ஊரான புட்டியாமாவில் அடக்கம் செய்தார்கள். உங்கள் முவான்சாவிலிருந்து பக்கம்தான், முசோமா போகிற வழி. தாய் தகப்பன் கிடக்கும் மண்ணில், பாறைகளுக்கு நடுவே. போய் வாருங்கள்.

சரி, உங்கள் மாணவியின் கேள்வி. அந்தப் பெண்ணிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: அவர் காந்தி இல்லை. 1978 அக்டோபர் கடைசியில் அமீன் படை ககேராவுக்குள் வந்து, ஜனங்களைக் கொன்று, அந்த நிலம் இனி உகாண்டாவுடையது என்று அறிவித்தது. நைரேரே ரேடியோவில் பேசிய பேச்சைத் தார் எஸ் சலாமில் ரிக்ஷாக்காரரும் ஒப்பிப்பார்: அவனை அடிக்கும் திறன் நம்மிடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எண்ணமும் இருக்கிறது. 1979 ஏப்ரல் 11இல் கம்பாலா விழுந்தது. அமீன் ஓடினார். எல்லையோடு நிற்காமல் அடுத்த நாட்டுத் தலைநகர் வரை போகலாமா என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் சிலரே கேட்டார்கள். போரின் செலவோ தான்சானியாவின் முதுகை ஒடித்தது. அவளுடைய பாட்டி திரும்பி ஊருக்குப் போக முடிந்தது அந்தப் போரால்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசு கொடுத்தது வேறு கணக்கில் என்று நான் நினைக்கிறேன். விடுதலைப் போராட்டத்தை ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் நடத்தியவர். நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் இருக்கும் நாட்டை இனச் சண்டை இல்லாமல் வைத்தவர். 1961 அக்டோபரில், விடுதலைக்கு இரண்டு மாதம் முன்பு, குடியுரிமை ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் என்று சட்டசபையில் சிலர் கேட்டார்கள். தோலின் நிறத்தை வைத்துக் குடியுரிமை கொடுப்பதென்றால் அரசே பதவி விலகும் என்றார். உங்கள் பருப்புக்கடைக்காரர் குடும்பம் அந்த நாட்டில் குடிமக்களாக இருப்பதற்கு அந்த நாள்தான் காரணம். அந்த மனிதரே பத்து வருடம் கழித்து அவர்கள் கட்டடத்தை எடுத்தார். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார். இதை நான் எவ்வளவோ முறை மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். கணக்குக்காரன் என்றாலும் மீதி என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

கொள்கைக்காக இழக்கத் தயாராக இருந்தார் என்பதற்குப் பிள்ளைகளுக்குப் புரிகிற உதாரணம் வேண்டுமென்றால், 1965. ரொடீசியாவில் வெள்ளைச் சிறுபான்மை அரசு தானே விடுதலை அறிவித்துக்கொண்டது. பிரிட்டன் அதை அடக்கவில்லை. நைரேரே பிரிட்டனோடு உறவை முறித்தார். வரவிருந்த 75 லட்சம் பவுண்டு கடன் போயிற்று. அப்போது தான்சானியா எவ்வளவு ஏழை நாடு என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஓடிவந்த போராளிகளுக்கு அந்த ஏழை வீட்டில்தான் இடம் கிடைத்தது. மண்டேலா 1962இல் ரகசியமாக நாட்டை விட்டு வெளியே வந்தபோது முதலில் போய்ச் சந்தித்த தலைவர்களில் ஒருவர் நைரேரே. மொசாம்பிக் விடுதலை இயக்கத் தலைவர் மொண்ட்லானே 1969இல் பார்சல் குண்டில் செத்ததும் தார் எஸ் சலாமில்தான். அடைக்கலம் கொடுப்பது என்றால் அந்த ஆபத்தும் சேர்ந்துதான்.

இன்னும் எழுதலாம், கண் எரிகிறது. மிச்சத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

போர்வண்டி செந்தில்

அக்கா, நான் திருச்செங்கோடு. எட்டு வருடமாகப் போர்வெல் வண்டியோடு இந்த நாட்டில் சுற்றுகிறேன், பெரும்பாலும் டொடோமா, சிங்கிடா, இரிங்கா பக்கம். மேலே ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு கொடுத்த ஜனங்களுக்குத் துரோகம் செய்த மாதிரி.

டொடோமா பக்கம் ஒரு ஊரில் போன வருடம் மூன்று இடத்தில் துளை போட்டோம். மூன்றிலும் தண்ணீர் வரவில்லை, வெறும் புகைதான். 140 மீட்டர் வரை போயும் ஈரம் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, மேற்கே ஒரு மணி நேர நடை தூரத்தில் இருக்கும் குன்றைக் காட்டினார். "எங்கள் ஊர் இங்கே இல்லை தம்பி, அங்கே. அங்கே ஊற்று இருந்தது. 1974இல் லாரி வந்தது" என்றார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் வேறு வேறு ஊர்களில் இதே கதையைக் கேட்டேன். சிதறிக் கிடக்கும் குடும்பங்களை ஒரே இடத்தில் சேர்த்தால் பள்ளி, ஆஸ்பத்திரி, தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம் என்பது நைரேரே திட்டம். சோசலிசம்தான் நாட்டின் வழி என்று சொன்ன 1967 அருஷா பிரகடனத்துக்குப் பிறகு அதைத் தன் விருப்பத்தில் சேரும் கிராமமாகத்தான் தொடங்கினார். ஜனங்கள் அவ்வளவாக வரவில்லை. 1973 கடைசியில், 1976க்குள் எல்லோரும் கிராமத்தில் இருந்தாக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அந்தக் கிராமங்களுக்குள் வந்தார்கள். திரும்பிப் போகக் கூடாது என்று சில இடங்களில் பழைய வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு லாரி போக வசதி வேண்டும், அதனால் நிறைய ஊர்களைச் சாலையோரமாக வைத்தார்கள். நிலம் எங்கே, ஊற்று எங்கே என்று ஊர்க்காரனைக் கேட்கவில்லை. நாங்கள் இன்று புகை பார்ப்பதற்கு அது ஒரு காரணம்.

இரிங்கா பக்கம் இஸ்மானியில் இன்னொரு கதை எல்லோருக்கும் தெரியும். 1971 கிறிஸ்துமஸ் அன்று நிலத் தகராறில் ஒரு விவசாயி மாகாண ஆணையரையே சுட்டுக் கொன்றார். அவரைத் தூக்கில் போட்டார்கள். இரண்டு குடும்பம் போயிற்று.

அரசை எதிர்த்துப் பேசினால் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம் என்று 1962லேயே சட்டம் போட்டிருந்தார். அதையும் சொல்லாமல் விடாதீர்கள்.

ஆனால் அக்கா, அந்தப் பெரியவர் அவரைத் திட்டவில்லை. லாரி கொண்டுவந்த ஆட்களைத்தான் திட்டினார். முவாலிமுவைப் பற்றிக் கேட்டேன். "அவர் வந்து பார்த்திருந்தால் திருத்தியிருப்பார்" என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, உத்தரவு அவருடையதுதானே. இருந்தாலும் பெரியவர் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

நீதிபதி மாதிரி நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தாத்தா இறந்தபோது அப்பாயி ஒப்பாரி வைத்தது இன்னும் காதில் இருக்கிறது. ராசா, மகராசா என்று அழும். அடுத்த அடியிலேயே கிணத்துமேட்டு நிலத்தை வித்துத் தின்னுட்டுப் போனியே என்று அழும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துதான் அழுதது. வெளியாள் வந்து அந்த நிலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பாயி அவனை வீட்டுக்குள் விட்டிருக்காது. நீங்கள் ஆறு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நீங்கள் வெளியாளா இல்லையா என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சொல்வேட்டை

நான் ஆப்பிரிக்கா போனதில்லை, மொழிபெயர்ப்பு ஆர்வத்தால் நைரேரேவைத் தெரிந்துகொண்டவன். அதனால் சின்னதாக ஒன்று மட்டும்.

ஜனாதிபதியாக இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். ஜூலியஸ் சீசர் 1963இல் வந்தது, வெனிஸ் நகர வணிகன் 1969இல். இரண்டாவதற்கு அவர் வைத்த தலைப்பு 'மபெபாரி வா வெனிசி'. மபெபாரி என்றால் முதலாளிகள். ஒரு வணிகன் பன்மையாகி, முதலாளி வர்க்கமாகிவிட்டான், அருஷா பிரகடனத்துக்கு இரண்டு வருடம் கழித்து. இதில் நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. 'பெபாரி' குஜராத்தி வணிகர்கள் வழியாகச் சுவாஹிலிக்குப் போன சொல். நம் 'வியாபாரி'யும் அதுவும் ஒரே வேர். டீச்சர், உங்கள் பருப்புக்கடைப் பெரியவரின் தாத்தாவைக் குறித்த சொல்லே அந்த மொழியில் சுரண்டுபவர் என்ற பொருளுக்கு மாறிப்போனது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்தத் தலைப்பைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும்.

இன்னொரு பக்கம், பதவியை விடும்போது அவர் பயன்படுத்திய சொல் 'குங்கதுகா'. அது சுவாஹிலியே இல்லை, அவருடைய தாய்மொழியான ஸனாகியிலிருந்து எடுத்தது. மூத்தவர் தானாக ஒதுங்கி இளையவருக்கு இடம் விடுவதைக் குறிக்கும். ஸனாகி பேசுபவர்கள் மிகச் சிலர். விரும்பி நாற்காலியை விட்டு இறங்குவதற்கு நாட்டின் பொதுமொழியில் ஏற்ற சொல் இல்லாமல், தன் சின்ன ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்று அது எல்லோருடைய சொல்.

பழைய தார்வாசி

செந்தில் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் அதை எழுதாமல் விட்டது பிழைதான். தார் எஸ் சலாமில் உட்கார்ந்து கணக்கு எழுதியவனுக்கு டொடோமா ஊற்று தெரியாது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1984இல் ஒரு பேட்டியில், மறுபடியும் தொடங்கினால் எதைச் செய்ய மாட்டீர்கள் என்ற பேச்சு வந்தபோது, உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்ததும் கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்ததும் தவறு, பொறுமையில்லாமலும் அறியாமையாலும் செய்தோம் என்றார். பதவியில் இருக்கும்போதே சொன்னது. ஆனால் கிராமங்களுக்கு ஜனங்களை ஏற்றிப் போனதை அந்தப் பட்டியலில் அவர் சேர்க்கவில்லை. நான் அவரை நேசிக்கிறேன், அதனால்தான் அவர் அதையும் சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது.

டீச்சரம்மா, உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது இன்னொன்று. 1970களின் நடுவில் முவான்சா, ஷின்யாங்கா பகுதிகளில் கொலை விசாரணை என்று பிடித்துப்போனவர்கள் காவலில் இறந்தார்கள். பொறுப்பேற்று உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அவர் பெயர் அலி ஹசன் முவின்யி. 1985இல் நைரேரேவுக்கு அடுத்து ஜனாதிபதியானவர் அவர்தான். தவறு நடந்த துறைக்குத் தலைவராக இருந்தேன், விலகுகிறேன் என்றவருக்கு அந்த நாட்டில் அரசியல் முடிந்துபோகவில்லை. வரலாற்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் விவரம் சொல்வார்.

முவான்சா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பேசி முடித்துவிட்டேன். பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1966இல் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாக அவரிடம் போன கதையில் தொடங்கினேன். படித்து முடித்ததும் தேசிய சேவை கட்டாயம், சம்பளமும் குறைவு என்று எதிர்த்தார்கள். காலனி ஆட்சியே மேல் என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தார்கள். அவர் கோபத்தில் இரண்டு காரியம் செய்தார். நீங்கள் சொல்வது சரி, நம் சம்பளமெல்லாம் அதிகம்தான் என்று தன் சம்பளத்தை அங்கேயே 20 சதவீதம் குறைத்தார். அந்த மாணவர்கள் ஏறக்குறைய 400 பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகளிடம் கேட்டேன், இதில் எது முவாலிமு? ஒரே சத்தம், பாதிப் பேர் முதலாவது என்றார்கள், பாதிப் பேர் இரண்டாவது என்றார்கள். அப்புறம் மைதான வரிசையில் நின்ற மந்தாசி அம்மாவைச் சொன்னேன். பின்வரிசையில் சமையல்கார மாமா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டொடோமா ஊற்றைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. மேடையில் தலைமையாசிரியை இருக்கிறார், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அந்த அலுவலர் எழுந்து, தன்னுடைய தாத்தாவும் அப்படி லாரியில் ஏற்றப்பட்டவர் என்றார். திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் சொன்னார்.

ககேராப் பெண்ணிடம், அவர் காந்தி இல்லை, உன் பாட்டி வீடு திரும்பினார், செலவை நாடு முழுக்கக் கட்டியது என்று மூன்றையும் சொன்னேன். பாட்டியிடம் கேட்டு எழுதி வருவதாகச் சொன்னாள். 'ஷிகமூ' சொல்லிவிட்டுப் போனாள். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது, உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தம்.

பருப்புக்கடைப் பெரியவரிடமும் 1961 குடியுரிமைப் பேச்சைச் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவருடைய அப்பா அந்த நாளிதழை ரொம்ப நாள் வைத்திருந்தாராம். கட்டடத்தைக் காலி செய்யும்போது எங்கேயோ போய்விட்டதாம்.

செந்தில் தம்பி, ஒரு உதவி. அந்த டொடோமா ஊரின் பெயரையும், பழைய ஊற்று இருந்த குன்றுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை புட்டியாமாவுக்குக் கூட்டிப்போவதாக வரலாற்று ஆசிரியர் சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, அந்தக் குன்றையும் பார்த்துவிட்டு வரலாமா, இரண்டுக்கும் சேர்த்துப் பஸ் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்றார். தூரம் தெரிந்தால் போட்டுவிடுவேன்.